பல்லூடக இதழியல்: 40 மாணவர்கள், 4 கேமரா. ஆடியோவா, வீடியோவா, எதை முதலில் எடுப்பது?

மாலைப்பதிப்பு:
எம்.ஏ. இரண்டாம் செமஸ்டர் தாள். 40 பேருக்கு 4 கேமரா, 3 ட்ரைபாட், 8 ஜிபி ராமில் 12 கம்ப்யூட்டர். லேப் வாரத்துக்கு 4 மணி நேரம். பாடத்திட்டம் வீடியோவில் தொடங்கி ஆடியோவைக் கடைசி யூனிட்டில் வைத்திருக்கிறது. அப்படியே போகலாமா, வரிசையை மாற்றலாமா? இன்னொன்று: குரூப் போட்டால் ஒருவர் எடிட் செய்கிறார், மற்றவர்கள் பெயர் மட்டும் கொடுக்கிறார்கள். இதற்கு என்ன வழி?

ஒலிக்கூடம்:
ஆடியோவை முன்னால் கொண்டுவாருங்கள். படம் கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் மூன்று வாரம் கேமராவே வெளியே வர வேண்டாம். ஆளுக்கு ஒரு 90 விநாடி ஆடியோ: ஒருவரின் பேட்டி, அந்த இடத்தின் சத்தம், மாணவரின் குரல் 20 விநாடிக்கு மேல் கூடாது. ஆடாசிட்டி என்ற இலவச ஆடியோ எடிட்டர் போதும், உங்கள் கம்ப்யூட்டர்கள் தாங்கும்.

காலர் மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்தச் சொல்லுங்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை 30 விநாடி பதிய வேண்டும். எடிட்டில் வெட்டிய இடங்களை நிரப்ப அதுதான் உதவும், இல்லையென்றால் நடுவில் குரல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இருக்கும். ஃபேன் ஆஃப், ஃபோன் ஏரோப்ளேன் மோடில். ஒலி அளவைக் காட்டும் மானியில் உச்சம் −12 டெசிபலுக்கும் −6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த குரலை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது.

அதிகம் சொதப்புவது மைக் பின். இரண்டு கறுப்பு வளையம் உள்ள பின் கேமராவுக்கு, மூன்று வளையம் உள்ளது ஃபோனுக்கு. மாற்றிச் செருகினால் பெரும்பாலும் ஃபோன் தன் சொந்த மைக்கிலேயே பதியும், வீட்டுக்குப் போய்க் கேட்கும்வரை தெரியாது. பதிவை ஓடவிட்டு, காலர் மைக்கை நகத்தால் சுரண்டிவிட்டு, ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்கட்டும். சுரண்டல் பளிச்சென்று கேட்டால்தான் பேட்டி.

ஷட்டர்50:
வரிசை சரி. வீடியோவுக்கு 4 கேமராவை நம்ப வேண்டாம், ஃபோனே போதும். 1080பி அளவு, எச்.264 என்ற கோப்பு வடிவம். 4கே எடுத்தால் அந்த 12 கம்ப்யூட்டரும் படுத்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 விநாடி. ஃபோனில் 30 ஃப்ரேம்தான் இருக்கிறதென்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டச் சொல்லுங்கள். ஆட்டோவில் விட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் முழுக்க பட்டை ஓடலாம்.

ஃபோன்கள் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். நீண்ட பேட்டியில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போவது பெரும்பாலும் இதனால்தான். எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் (மாறாத ஃப்ரேம் வேகம்) போட்டு மாற்றிவிடுங்கள். 8 ஜிபிக்கு டாவின்சி ரிசால்வ் மாதிரி கனமான எடிட்டர் வேண்டாம். இலவசமான ஷாட்கட்டோ கேடன்லைவோ போதும், ப்ராக்ஸி (எடிட்டுக்கான சிறிய நகல் கோப்பு) ஆன் செய்து.

முதல் பயிற்சிக்கு ஐந்து ஷாட்: கை, முகம், முழு இடம், தோளுக்குப் பின்னிருந்து, பிறகு அவர்களே தேடும் ஒரு கோணம். ஒவ்வொன்றும் அசையாமல் 10 விநாடி. இஸ்திரி வண்டி நல்ல களம்: கரியை ஊதுவது, துணியில் தண்ணீர் தெளிப்பது, ஆவி எழுவது என்று கைக்கு ஓயாத வேலை.

பிழைதிருத்தி:
குரூப் பிரச்சினைக்கு: பதிவு ஆளாளுக்குத் தனி, தொகுப்பு மட்டும் குரூப். ஒவ்வொருவரும் வெட்டாத கோப்புகளோடு ஒரு லாக் ஷீட் தர வேண்டும்: எந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார், வைப்பதா விடுவதா, ஏன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எடிட் டைம்லைனைத் திறந்து, "இந்த வெட்டை இரண்டு விநாடி முன்னால் நகர்த்து" என்று சொல்லுங்கள். வேலை செய்யாதவர் அங்கேயே நின்றுவிடுவார்.

தமிழ் சப்டைட்டிலைத் தனி வகுப்பாக வைத்தே ஆக வேண்டும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல் வரும். யூனிகோடில் அடித்து, சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரீமியர் எடிட்டரில் 'கொ' பிரிந்து தெரிந்தால், கிராபிக்ஸ் அமைப்புகளில் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்ற வேண்டும்.

பாதிக்கப்பட்ட குழந்தையை ஊடகம் அடையாளம் காட்டக் கூடாது என்ற போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவையும் லேபிலேயே நடத்துங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் முகத்தை மங்கலாக்கிவிட்டு, பின்னணியில் பள்ளிப் பெயர்ப்பலகையை விட்டுவைக்கிறார்கள். பள்ளி, குடும்பம், குடியிருக்கும் பகுதி எல்லாமே அந்தத் தடைக்குள் வரும்.

மாலைப்பதிப்பு:
நன்றி. கடைசி புராஜெக்ட்டில் எழுத்து, ஆடியோ, வீடியோ, வரைபடம் நான்கும் கட்டாயம் என்று போடலாமா?

பிழைதிருத்தி:
வேண்டாம். போட்டால் ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் "இது இல்லாவிட்டால் செய்தியில் எது போகும்?" என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். சென்னைப் பள்ளிக்கரணையை எடுத்துக்கொண்டால், சதுப்பு நிலம் சுருங்கியதைக் கூகுள் எர்த்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஜக்ஸ்டபோஸில் (இரண்டு படங்களை இழுத்து ஒப்பிடும் கருவி) இணைத்தே காட்டிவிடலாம், அதற்கு வீடியோ வீண். மீன் பிடிப்பவரின் பேச்சு ஆடியோவுக்கு. 2022-இல் ராம்சார் தளமானது (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்), வழக்குகள், எல்லைத் தகராறு எல்லாம் எழுத்தில்தான் நிற்கும். இரண்டு வடிவம் போதும் என்று ஒரு மாணவர் வாதாடி நிரூபித்தால் முழு மதிப்பெண் கொடுங்கள்.