"வீட்டில் ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார்கள்: வாக்காளர் பட்டியல் அனுபவங்கள்

செய்யாறு பக்கத்திலிருந்து:

2025 மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போயிருந்தோம். முந்தின நாளே இருளர் பழங்குடிக் குடும்பங்கள் வந்து, மணலில் புடவையைக் கட்டிக் குடில் போட்டுத் தங்கிவிடுவார்கள். விடிந்ததும் கன்னியம்மனுக்குப் பூசை, மொட்டை, கல்யாணம். செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள்கூட ஒரு நாள் கேட்டுக்கொண்டு எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். ஊர் ஊராக அலைந்தும் பார்க்க முடியாதவர்களை அங்கே பார்க்கலாம் என்று சொன்னது, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க உதவும் எங்கள் குழுவில் இருக்கும் இருளர் பெண் ஒருவர். எங்களோடு கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், இரண்டு சட்டக் கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் என்று பலரும் உண்டு.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா முந்தானை முடிச்சிலிருந்து பழைய வாக்காளர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். "பேரு இருந்துச்சு கண்ணு, எடுத்துட்டாங்க." எண்ணைப் போட்டுப் பார்த்தோம். பட்டியலில் அவர் பெயர் இல்லை. அலுவலர் சரிபார்க்க வந்த நாளில் வீடு பூட்டியிருந்தது, அக்கம்பக்கத்தில் "போயிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் எங்கேயும் குடிபோகவில்லை. திருவள்ளூர்ப் பக்கம் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி முடிந்து முன்பணம் வாங்கிக்கொண்டு கிளம்பினால் ஆனி வாக்கில்தான் ஊர் திரும்புவார்கள். நாடாளுமன்றத் தேர்தல் 2019-இல் ஏப்ரல் 18, 2024-இல் ஏப்ரல் 19. நடுவில் 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6. மூன்றுமே சூளைக் காலத்தில். பெயர் இருந்தபோதும் அவர் ஓட்டுப் போடவில்லை. ஊருக்குப் போய்வருகிறேன் என்று கேட்டதற்கு, "கணக்க முடிச்சிட்டுப் போ" என்று சொன்னார்களாம். முன்பணம் அடையாமல் கணக்கு எப்படி முடியும்?

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு ஆறவே இல்லை. வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் ஒருவர் அந்த ஊரில் வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவிலேயே இது இருக்கிறது. வாக்குப்பதிவு நாளில் தினக்கூலிக்காரருக்கும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு. கொடுக்காத முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். அந்த அம்மாவின் ஓட்டுக்கு இவ்வளவுதான் காவல்.

அன்றைக்கு 37 பேருக்குப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 நிரப்பினோம். நிரப்பும்போதே, எவ்வளவு முன்பணம், எத்தனை வருஷமாக என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டோம். ஒரு குடும்பம் 8,000 ரூபாய்க்காக நான்கு வருஷமாக அதே சூளையில் கிடந்தது. மாணவர்கள் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி மனு எழுத, கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுத்தார். அந்தச் சட்டப்படி கடனே செல்லாது. ஓட்டுக்காக உட்கார்ந்த மேசையில்தான் இதுவும் வெளியே வந்தது.

சென்னை, பூக்கடைப் பக்கத்திலிருந்து:

தம்பி சொல்வதைப் படித்ததும் எங்கள் தெரு ஞாபகம் வந்துவிட்டது. நடைபாதையில் பிள்ளைகளோடு படுத்து, பகலில் பூ விற்கும் ஒரு தங்கச்சிக்கு நாங்கள் படிவம் கொடுத்தோம். வீடில்லாதவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை. எழுதிக் கொடுத்த இடத்தில் அவர் உண்மையாகவே தூங்குகிறாரா என்று அலுவலர் ராத்திரியில் வந்து பார்ப்பார், அவ்வளவுதான். முதல் ராத்திரி மழை. எல்லோரும் ஒரு கடையின் தாழ்வாரத்துக்கு ஒதுங்கிவிட்டதால் வந்தவர் யாரையும் பார்க்காமல் திரும்பினார். அப்புறம் நாங்கள் நாலு பேர் முறை வைத்து அங்கேயே உட்கார்ந்தோம். இரண்டாம் முறை அவர் வந்தபோது மணி பத்தரை. பாயையும் பானையையும் பார்த்தார், தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

அட்டை வந்ததும் அந்தத் தங்கச்சி முதலில் போனது வங்கிக்கு. அதுவரை காலையில் 900 ரூபாய் வாங்கிப் பூ எடுத்து, சாயங்காலம் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடனாக 10,000 ரூபாய் எடுத்து அந்த வட்டியை விட்டார். இப்போது சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பால் வாங்குகிறேன் அக்கா என்று சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து:

நான் அங்கன்வாடிப் பணியாளர், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பார்க்கிறேன். பூட்டின வீட்டு வாசலில் நிற்பவளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும் தம்பி. 2025 நவம்பர் 4-ஆம் தேதி வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது ஒவ்வொரு வீட்டுக்கும் படிவத்தோடு போனேன். காலையில் குழந்தைகளுக்குச் சத்துமாவு, மதியத்துக்கு மேல் இது. ஆள் இல்லாத வீட்டுக்கு மூன்று முறை போக வேண்டும், போனேன். எங்கள் இருளர் குடியிருப்பில் பாதிக் கதவு பூட்டு. தீபாவளி முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, எல்லோரும் சூளைக்குக் கிளம்பிவிட்டார்கள். திரும்பி வராத படிவத்துக்கு இடம் மாறியவர் என்று குறித்தால் பெயர் போய்விடும். குறிக்காமல் விடவும் எனக்கு ஏதாவது ஆதாரம் வேண்டும்.

ஒரு பள்ளிக்கூடப் பையன்தான் தன் நோட்டில் யார் யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று போன் நம்பரோடு எழுதிக் கொடுத்தான். அதை வைத்து ஒவ்வொருவரிடமும் பேசினேன். பல குடும்பங்களில் ஊரிலிருந்த தாத்தாவோ பாட்டியோ கையெழுத்துப் போட்டார்கள். அந்த நோட்டு இல்லையென்றால் நான் அத்தனை பேரையும் விட்டிருப்பேன். அதனால் உங்கள் குழுக்களிடம் ஒன்று கேட்கிறேன். கிளம்பின பிறகு பட்டியல் எடுக்காதீர்கள், முன்பணம் வாங்கும்போதே எடுத்து எங்கள் கையில் கொடுங்கள்.

செய்யாறு பக்கத்திலிருந்து, மறுபடியும்:

அக்கா, நீங்கள் சொன்ன பிறகுதான் எங்கள் தப்பு புரிந்தது. நாங்கள் மாசியில் போய் உட்கார்ந்தோம், அதற்குள் பாதிப் பேர் பெயர் போயிருந்தது. இந்த முறை புரட்டாசியிலேயே ஒவ்வொரு குடியிருப்பிலும் படித்த பிள்ளை ஒருவர் கையில் நோட்டைக் கொடுக்கிறோம். பெயர், போன் நம்பர், எந்த ஊர்ச் சூளை, எவ்வளவு முன்பணம், எப்போது திரும்புவார்கள். ஒரு பிரதி உங்களைப் போன்றவர்களுக்கு, இன்னொன்று சட்ட மாணவர்களுக்கு. மாமல்லபுரம் மேசையும் போடுவோம். முன்பணக் கணக்கைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் குறைகிறார்கள், வர முடிந்தவர்கள் சொல்லுங்கள்.