கோழி நூடுல்ஸ் சூப்: கலங்கிய சாறு, நாரான கறி, களியான நூடுல்ஸ் – எங்கே தவறுகிறேன்?

ஈரோட்டுக்காரி:

அனைவருக்கும் வணக்கம். எட்டு வயதாகும் என் மகனுக்குப் போன வாரம் காய்ச்சல் விட்ட பிறகும் சோறு இறங்கவில்லை. நூடுல்ஸ் போட்ட கோழி சூப் என்றால் குடிக்கிறேன் என்றான். பாக்கெட்டில் வரும் மசாலாத் தூளைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் என் மாமியாரும் அதே சூப்பைத்தான் குடிப்பார்.

அரைக் கிலோ எலும்பில்லாத நெஞ்சுக்கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கொதிக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு, முழுத் தீயில் 25 நிமிடம் வேகவைத்தேன். கேரட்டையும் பீன்ஸையும் சேர்த்து, கடைசியில் இரண்டு பாக்கெட் நூடுல்ஸை அதிலேயே போட்டு இறக்கினேன். சாறு அரிசி களைந்த தண்ணீரைப் போலக் கலங்கியிருந்தது. கறியை மெல்ல மெல்ல நாராக வந்ததால் பிள்ளை அதை ஒதுக்கிவிட்டான். இரவு எட்டரைக்குக் கணவர் வந்து மூடியைத் திறந்தபோது சாறு என்று ஒன்றுமே இல்லை. நூடுல்ஸ் அத்தனையையும் உறிஞ்சிக் களியாகக் கிடந்தது. உப்பைக் குறைத்துப் போட்டதால் சுவையும் வெந்நீரைப் போலத்தான் இருந்தது.

வேலை முடிந்து ஆறரைக்கு வீடு வந்து, ஏழேகாலுக்குள் பிள்ளைக்குக் கொடுத்தாக வேண்டும். இந்த நேரத்துக்குள் இதைச் சரியாகச் செய்ய வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

திருச்சி மெஸ்காரர்:

வணக்கம் சகோதரி. நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை இரண்டே இடங்களிலிருந்து வருகின்றன: ஒன்று தீயின் அளவு, மற்றொன்று எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்தது.

முதலில் சாறு. நெஞ்சுக்கறியில் எலும்பும் இல்லை, பசையும் இல்லை. அதை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் சாற்றுக்குக் கனம் வராது. கறிக்கடையில் கழுத்து, முதுகெலும்பு, இறக்கை என்று கேட்டு வாங்குங்கள், விலையும் குறைவுதான். அரைக் கிலோ எலும்பைக் குக்கரில் போட்டு, ஒன்றேகால் லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் அடுப்பில் வையுங்கள். சூடு மெதுவாக ஏறும்போது கறியிலிருந்து கரையும் புரதம் சாம்பல் நிற நுரையாக மேலே திரண்டு வரும். அதைக் கரண்டியால் நிதானமாக எடுத்துவிடுங்கள். நீங்கள் கொதிநீரில் போட்டு முழுத் தீயில் விட்டதால் அந்த நுரை துகள் துகளாக உடைந்து, கொழுப்போடு கலந்து, சாறு முழுவதும் பரவிவிட்டது. கலங்கல் அதனால்தான்.

நுரையை எடுத்த பிறகு நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு, பூண்டு ஐந்து பல், சின்ன வெங்காயம் ஏழெட்டு, கொத்தமல்லித் தண்டு ஒரு பிடி போட்டுக் குக்கரை மூடுங்கள். முதல் விசில் வந்ததும், அடுத்த விசில் வராத அளவுக்குத் தீயைக் குறைத்து 20 நிமிடம் வையுங்கள். நாட்டுக்கோழி எலும்பானால் 40 நிமிடம் வேண்டும். பிறகு குண்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றாதீர்கள், இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அழுத்தம் திடீரென்று இறங்கினால் உள்ளே இருக்கும் சாறு தளதளவென்று பொங்கிக் கொதித்து, அதுவரை தெளிந்திருந்தது மறுபடியும் கலங்கிவிடும். தானாக அடங்கிய பிறகு திறந்து வடிகட்டுங்கள்.

இதை ஞாயிற்றுக்கிழமை செய்து, ஆறியதும் டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டால், வேலை நாளில் 20 நிமிடத்தில் சூப் தயாராகிவிடும். நெஞ்சுக்கறியை நறுக்காமல் முழுத் துண்டாகவே சூடான சாற்றில் இறக்கி, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் மட்டும் வரும் தீயில், மூடி போட்டு, 10 முதல் 15 நிமிடம் வேகவிடுங்கள். மிகத் தடித்த இடத்தைக் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. (உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.) வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கையால் பிய்த்துப் போட்டால் பிள்ளை மெல்லும்போதே சாறு ஊறும்.

திருநெல்வேலி அத்தை:

மெஸ் நடத்தும் தம்பி சாற்றைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் நூடுல்ஸையும் உப்பையும் பற்றிச் சொல்கிறேன் அம்மா.

நூடுல்ஸைத் தனியாக, நிறையத் தண்ணீரில், பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசி வையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவு போய்விடுவதால் ஒன்றோடொன்று ஒட்டாது. யார் சாப்பிட உட்காருகிறார்களோ அவர் கிண்ணத்தில் ஒரு பிடி வைத்து, மேலே கொதிக்கும் சாற்றை ஊற்றிக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வந்தாலும் சாறு சாறாகவே இருக்கும். வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். எண்ணெயில் பொரித்து உலர்த்திய வகையில் 100 கிராமுக்குக் கொழுப்பு 15 கிராமைத் தாண்டக்கூடும். பொரிக்காமல் உலர்த்தியதில் அது மிகவும் குறைவு. சேமியா கைவசம் இருந்தால் அதுவும் நன்றாகவே பொருந்தும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆகவே நால்வருக்கான சூப்பில் அரைத் தேக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள். அந்தக் குறையை மணத்தாலும் புளிப்பாலும் ஈடுகட்டலாம். சின்ன வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு தீயில் காட்டி, கருகிய தோலை உரித்துவிட்டுச் சாற்றில் போடுங்கள். வியட்நாமியர் தங்கள் ஃபோ சூப்புக்கு இப்படித்தான் சுட்டுப் போடுகிறார்கள். மிளகையும் சீரகத்தையும் அப்போதே இடித்து, இறக்கும்போது தூவுங்கள். எலுமிச்சையைக் கிண்ணத்தில் பிழிந்தால் போதும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை இரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் மாமியாருக்கு அதைக் கொடுக்க வேண்டாம்.

ஈரோட்டுக்காரி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறன்று நீங்கள் சொன்னபடியே செய்தேன். கிண்ணத்தின் அடியில் கிடந்த கேரட் வில்லை மேலிருந்தே தெரியும் அளவுக்குச் சாறு தெளிவாக இருந்தது. மகன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான். அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. மாமியார் உப்புக் கேட்கவே இல்லை.

மறுநாள் குடிப்பதற்காக ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்த ஒரு டப்பாவைக் காலையில் திறந்தபோது, சாறு கட்டியாகி, தட்டினால் ஆடுகிறது. மேலே வெள்ளையாக ஓர் ஏடும் படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா? கொட்டிவிடவா?

திருச்சி மெஸ்காரர்:

கொட்டாதீர்கள் சகோதரி. எலும்பிலும் தோலிலும் இருந்த பசை இறங்கியிருப்பதால்தான் அது குளிரில் உறைந்திருக்கிறது, சாறு நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். மேலே இருக்கும் வெள்ளை ஏடு கோழிக் கொழுப்பு. குளிர்ந்திருக்கும்போதே அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டால் மாமியாருக்கும் நல்லது. புளித்த வாடை வந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்திருந்தால், கீழ்த்தட்டில் மூன்று நாள் வரை வைத்துக்கொள்ளலாம். தேவையான அளவை மட்டும் தனியே எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்துப் பரிமாறுங்கள். மொத்தத்தையும் சூடாக்கி மறுபடியும் உள்ளே வைக்கும் பழக்கம் வேண்டாம்.