அரேப்பா ஓரமெல்லாம் வெடிக்கிறது, வழி சொல்லுங்களேன்

மயாமிக்குப் பக்கத்தில் டோரல் என்று ஓர் ஊர். வெனிசுவேலாக்காரர்கள் ஏராளமாகக் குடியேறியதால் அதை 'டோரல்சுவேலா' என்றே செல்லமாகச் சொல்கிறார்கள். போன மாதம் அங்கே ஒரு குடும்பம் நடத்தும் சின்ன உணவகத்தில் ரெய்னா பெப்பியாதா சாப்பிட்டேன். மக்காச்சோள மாவில் தட்டிய தடிமனான அடையை (அதுதான் அரேப்பா) நடுவில் கீறி, பிய்த்த கோழியும் அவகாடோவும் மயோனைஸும் கலந்து அடைத்திருந்தார்கள். 1955இல் உலக அழகியான சுசானா டுய்மைக் கௌரவித்து வைத்த பெயராம். வெளியே மொறுமொறு, உள்ளே இட்லி மாதிரி மெத்து. குடிக்க வெல்லக் கரைசலில் எலுமிச்சை பிழிந்த பாப்பேலோன். சுக்கும் ஏலக்காயும்தான் குறை, மற்றபடி நம் பானகமேதான்!

ஆசையில் வீட்டில் முயன்றேன். முதலில் தெரியாமல் மெக்சிகோக்காரர்கள் டார்ட்டியாவுக்குப் பயன்படுத்தும் மாசா மாவை வாங்கிவிட்டேன். அது சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளம், ருசியே வேறு. அப்புறம் சரியான ஹரினா பான் கிடைத்தது. அது ஏற்கெனவே வேகவைத்து அரைத்த மாவு.

ஆனாலும் தட்டும்போதே ஓரம் பிளக்கிறது, கல்லில் போட்டால் இன்னும் விரிகிறது. ஒரு கப் மாவுக்கு ஒன்றேகால் கப் தண்ணீர்தான் விடுகிறேன். வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? பிசைந்த மாவை எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும்? கல்லில் சுட்டபின் ஓவனிலும் வைக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், வாய்விட்டு வேறு சொல்லித் தொலைத்துவிட்டேன்.