லேன் + யுஎஸ்பி டெதரிங் ஒரே கணினியில்: மெட்ரிக் மாற்றியும் டிராஃபிக் போன் வழியாகவே ஓடுகிறது

கணினிப்பித்தன் (கேள்வி)

விண்டோஸ் 11 டெஸ்க்டாப். இரண்டு நெட் ஒரே நேரத்தில் செருகியிருக்கிறது. ஃபைபர் ரவுட்டரிலிருந்து லேன் கேபிள்: முகவரி 192.168.1.20, கேட்வே (வெளியே போகும் வாசல்) 192.168.1.1, வேகம் 100 எம்பிபிஎஸ். ஆண்ட்ராய்டு போனிலிருந்து யுஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுப்பது): முகவரி 192.168.42.50, கேட்வே 192.168.42.129, வேகம் சுமார் 40.

தேவை இதுதான். எல்லாம் ஃபைபரில் போகட்டும். ஒரே ஒரு சர்வர் மட்டும் (203.0.113.25 என்று வைத்துக்கொள்ளுங்கள்) போன் வழியாகப் போக வேண்டும், மாலையில் ஃபைபரில் அந்தப் பக்கம் பாக்கெட் லாஸ் (தரவு வழியில் தொலைவது) அதிகம்.

அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸில் ஆட்டோமேட்டிக் மெட்ரிக் (வழியின் முன்னுரிமை எண், குறைந்ததுக்கே முதலிடம்) டிக்கை எடுத்துவிட்டு லேனுக்கு 10, யுஎஸ்பிக்கு 50 கொடுத்தாயிற்று. ரூட் பிரிண்ட் (வழிப் பட்டியலைக் காட்டும் கட்டளை) அடித்தால் 0.0.0.0 (மற்ற எல்லா முகவரிக்குமான பொது வழி) வரிகளில் லேன்தான் குறைந்த மெட்ரிக். ஆனாலும் போனின் 1.5 ஜிபி தினசரி டேட்டா மதியத்துக்குள் காலி. வீடியோ தளங்கள்தான் அதிகம் தின்கின்றன. எங்கே ஓட்டை?

துணைக்கேள்வி: இரண்டையும் சேர்த்து 140 எம்பிபிஎஸ் ஆக்க வழி உண்டா?

ரவுட்டர் ராசா

முதலில் அந்த ஒரு சர்வர். விண்டோஸ் ரூட் தேடும்போது மெட்ரிக்கை முதலில் பார்ப்பதில்லை. சேருமிடத்துக்கு எந்த வரி மிகக் குறுகலாகப் பொருந்துகிறது என்றுதான் பார்க்கும். இரண்டு வரி சமமாகப் பொருந்தினால்தான் மெட்ரிக்குக்கு வேலை. அதனால் 255.255.255.255 மாஸ்க்கோடு (அந்த ஒரே முகவரிக்கு மட்டும் என்று பொருள்) ஒரு ரூட் போட்டால் லேனின் மெட்ரிக் 1 ஆக இருந்தாலும் அந்த சர்வர் போன் வழியாகத்தான் போகும்.

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இப்படி (ஒலிபெயர்ப்பில் எழுதுகிறேன், ஆங்கிலத்தில் தட்டுங்கள்):

ரூட் -பி ஆட் 203.0.113.25 மாஸ்க் 255.255.255.255 192.168.42.129 மெட்ரிக் 5

-பி போடாவிட்டால் ரீஸ்டார்ட்டில் போய்விடும். ரூட் பிரிண்ட்டில் 5-க்குப் பதில் 55 என்று காட்டும், பதற வேண்டாம். அங்கே தெரிவது ரூட் மெட்ரிக்கும் அடாப்டர் மெட்ரிக்கும் சேர்ந்த கூட்டுத்தொகை. சோதிக்க டிரேஸ்ஆர்டி -டி 203.0.113.25 (பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கட்டளை), முதல் ஹாப் (நிறுத்தம்) 192.168.42.129 என்று வந்தால் சரி.

நீங்கள் மெட்ரிக்கைக் கையால் கொடுத்தது நல்லதுதான். தானியங்கியாக விட்டால் கிகாபிட் லேனுக்கும் டெதரிங்குக்கும் ஒரே 25 விழுந்து சமமாக நின்றுவிடும் வாய்ப்பு உண்டு.

140 ஆக்குவது: ஒரு டவுன்லோடுக்கு நடக்காது. ஒரு டிசிபி இணைப்பு என்பது இரு முனைகளின் முகவரியும் போர்ட்டும் சேர்ந்தது. பாதி பாக்கெட்டை இன்னொரு லைனில் தள்ளினால் அது வேறு பப்ளிக் முகவரியிலிருந்து போய்ச் சேரும்; சர்வருக்கு அது யாரென்றே தெரியாது. உண்மையாகவே சேர்க்க வேண்டுமென்றால் வெளியே ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து, இரண்டு லைனிலும் அதுவரை டனல் போட்டு அங்கே ஒட்ட வேண்டும். அப்போதும் 8 மில்லிசெகண்ட் ஃபைபரும் 50 மில்லிசெகண்ட் மொபைலும் சேர்ந்தால் பாக்கெட் வரிசை குலையும். அதை டிசிபி லாஸ் என்று எண்ணி வேகத்தைக் குறைக்கும். 40 எம்பிபிஎஸ்ஸுக்காக இவ்வளவு பாடு வேண்டாம் என்பது என் கருத்து.

நெட்வொர்க் நாரதர்

மேலே சொன்ன எல்லாம் சரி, ஆனால் ஓட்டைக்குப் பதில் வரவில்லை. சார், ரூட் பிரிண்ட் -6 அடித்து அதில் ::/0 (ஐபிவி6 எனும் புது முகவரி முறையின் பொது வழி) என்ற வரி எத்தனை, எந்த அடாப்டரில் என்று சொல்லுங்கள்.

கணினிப்பித்தன்

ஒரே ஒரு வரிதான். யுஎஸ்பி அடாப்டரில். லேனில் எஃப்இ80 முகவரி (வெளியே போகாத உள்ளூர் முகவரி) மட்டும் இருக்கிறது.

நெட்வொர்க் நாரதர்

அதுதான் ஓட்டை. ஐபிவி4-க்கும் (192.168.1.20 போன்ற பழைய முகவரி முறை) ஐபிவி6-க்கும் ரூட் டேபிள் தனித்தனி. நீங்கள் மெட்ரிக் மாற்றியது வி4 பக்கத்தில். மொபைல் நெட்வொர்க் உங்களுக்கு வி6 கொடுக்கிறது, ஃபைபர் கொடுக்கவில்லை. பெரிய வீடியோ தளங்களுக்கெல்லாம் வி6 முகவரி இருக்கிறது. பிரவுசர் இரண்டும் கிடைத்தால் வி6-ஐத்தான் முதலில் முயலும். வி6-க்கு ஒரே வாசல் போன். வி4 மெட்ரிக் அங்கே செல்லாது.

தீர்வு இரண்டு. ஃபைபர் ரவுட்டரில் வேன் (WAN, வெளி இணைப்பு) பக்கம் ஐபிவி6 அணைந்திருந்தால் போட்டுப் பாருங்கள். லேனுக்கும் வி6 வந்துவிட்டால் வி6 மெட்ரிக்கையும் இதேபோல் 10, 50 என்று வைத்துவிடலாம். அது முடியாவிட்டால் யுஎஸ்பி அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸில் இன்டர்நெட் ப்ரோட்டோகால் வெர்ஷன் 6 டிக்கை எடுங்கள். அந்த அடாப்டரில் மட்டும்! ரெஜிஸ்ட்ரியில் புகுந்து கணினி முழுவதற்கும் வி6-ஐ அணைக்கும் வைத்தியம் நெட்டில் நிறையக் கிடைக்கும், அது வேண்டாம். டிக்கை எடுத்தபின் பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள். சில போன்களில் டெதரிங்கை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் மேக் முகவரி (அடாப்டரின் அடையாள எண்) மாறும். விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளலாம். அதனால் முதல் சில நாள் டிக்கும் மெட்ரிக்கும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை). விண்டோஸ் 8-இலிருந்து பெயர் தேடும் வினா எல்லா அடாப்டரிலும் போகும். போனின் டிஎன்எஸ் பதில் முந்திக்கொண்டால், அந்த மொபைல் கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கும் வீடியோ சர்வரின் முகவரி வரும். நீங்கள் ஃபைபர் வழியாகச் சுற்றிக்கொண்டு அதைத் தேடிப் போவீர்கள். இரண்டு அடாப்டரிலும் ஒரே டிஎன்எஸ்ஸைக் கையால் போட்டுவிடுங்கள், 1.1.1.1 அல்லது 8.8.8.8.

பெங்குயின் பாண்டி

லினக்ஸில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு. அங்கே சேருமிடம் மட்டுமல்ல, புறப்படும் முகவரியையும் எந்த யூசர் என்பதையும் வைத்து வழி பிரிக்கலாம். நெட்வொர்க்மேனேஜரில் (லினக்ஸில் நெட் இணைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) டெதரிங் கனெக்ஷனுக்கு ஐபிவி4 ரூட்-டேபிள் 200 என்று வைத்தால் அதன் ரூட்கள் மெயின் டேபிளுக்கு வராமல் 200-இல் உட்காரும். பிறகு அதே கனெக்ஷனில் ரூட்டிங்-ரூல்ஸில் இரண்டு விதி:

ப்ரியாரிட்டி 1000 ஃப்ரம் 192.168.42.0/24 டேபிள் 200
ப்ரியாரிட்டி 1001 யுஐடிரேஞ்ச் 1001-1001 டேபிள் 200

முதல் விதியில் தனி முகவரி கொடுக்காமல் /24 கொடுத்ததற்குக் காரணம் டிஹெச்சிபி (போன் தானாக முகவரி கொடுப்பது), நாளை .50 போய் .77 வந்தாலும் விதி நிற்கும். இரண்டாவது, போன் வழியாகப் போக வேண்டிய புரோகிராம்களை ஓட்டுவதற்கென்றே உருவாக்கிய யூசருக்கு (யுஐடி, அதாவது யூசர் எண், 1001). நெட்டில் பலர் இதற்கு ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) மூலம் பாக்கெட்டுக்கு மார்க் போடச் சொல்வார்கள். மார்க் விழும்போது புறப்படும் முகவரி ஏற்கெனவே தேர்வாகியிருக்கும், 192.168.1.20 என்ற முகவரியோடு பாக்கெட் போனுக்குள் போகும், அதைச் சரிசெய்ய மாஸ்கரேட் (புறப்படும் முகவரியை மாற்றி எழுதுவது) வேண்டும். யுஐடி விதியில் அந்தத் தொல்லை கிடையாது. முதல் விதியைத் தூக்கிவிடாதீர்கள்: ஆர்பி-ஃபில்டர் (பாக்கெட் சரியான வழியில் வந்ததா என்று பார்க்கும் கெர்னல் சோதனை) 1 என்று இருக்கும் மெஷினில் அது இல்லாவிட்டால் திரும்பி வரும் பாக்கெட்டுகளைக் கெர்னல் சத்தமில்லாமல் தூக்கி எறியும். இதுவும் வி4-க்கு மட்டும்தான். வி6-க்கு இதே ஏற்பாட்டைத் தனியாகச் செய்ய வேண்டும்.

சரிபார்க்க: ஐபி ரூட் கெட் 1.1.1.1 ஃப்ரம் 192.168.42.50.

கணினிப்பித்தன்

யுஎஸ்பி அடாப்டரில் வி6 டிக்கை எடுத்தேன். நான்கு மணி நேரத்தில் போனில் ஓடியது 60 எம்பி. ரவுட்டரில் வி6 தேர்வே கிடையாது. சர்வர் ரூட்டும் வேலை செய்கிறது. நன்றி. ஃபைபர் அறுந்தால் எல்லாம் தானாகப் போனுக்கு மாறுமா?

ரவுட்டர் ராசா

கேபிளைப் பிடுங்கினால் மாறும். வெளியே ஃபைபர் அறுந்தால் மாறாது. உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் லிங்க் அப்படியேதான் இருக்கும், 192.168.1.1 பிங்குக்குப் பதிலும் சொல்லும். ஆகவே விண்டோஸ் மெட்ரிக் 10 வழியைக் கைவிடாது. அப்போது லேன் அடாப்டரை டிஸேபிள் செய்வதுதான் சுருக்கு வழி. தானாக நடக்க வேண்டுமென்றால் வெளி முகவரியைப் பிங் செய்து முடிவெடுக்கும் டூயல் வேன் ரவுட்டர் வாங்குங்கள். வாங்கினால் அதை ஃபெயில்ஓவர் மோடில் (ஒன்று அறுந்தால் மட்டும் மற்றது) வையுங்கள். லோட் பேலன்ஸில் (இரண்டிலும் பிரித்து அனுப்புவது) வைத்தால் நடுவில் முகவரி மாறி பேங்க் தளங்கள் லாகவுட் செய்துவிடும்.

பெங்குயின் பாண்டி

ரவுட்டர் வாங்கினால் அதன் லேன் முகவரியை 192.168.10.1 என்பது போல மாற்றிவிட்டுச் செருகுங்கள். ஃபைபர் ரவுட்டரும் 192.168.1.1, புது ரவுட்டரும் 192.168.1.1 என்றால் உள்ளே எது வெளியே எது என்று தெரியாமல் எந்தப் பக்கமும் போகாது.