கிணற்றின் ஆழத்தை யார் கணக்குப் பார்ப்பது?

மாதர் சங்கச் செயலாளர், ஒட்டுசுட்டான் பக்கம்

எங்கள் காணிகள் வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக்காணிகள். மூன்று வருடங்களுக்கு முன் வெளிநாட்டு உதவியில் ஒன்பது குடும்பங்களுக்குத் தோட்டக்கிணறு வெட்டித் தந்தார்கள். அவற்றில் ஏழு, பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்கள். பயனாளிகள் பட்டியலை என் கையாலேதான் எழுதிக் கொடுத்தேன்.

கூட்டத்தில் கிணற்றின் ஆழம் 25 அடி என்று வாசித்தார்கள். பல கிணறுகளில் 17 அடியளவில் பாறை கண்டதும் வேலையாட்கள் கிணற்றுக் கட்டைக் கட்டி முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வேலை திருப்தி என்ற தாளில் எல்லோரும் கையெழுத்து வைத்தோம். ஆழம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நானும் வைத்தேன். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

பார்வையிட வந்த குழு தை மாதத்தில் வந்தது. மாரி மழை ஓய்ந்த நேரம், கிணறெல்லாம் கைக்கெட்டும் தண்ணீர். படம் எடுத்தார்கள், ஒன்பது என்று எண்ணினார்கள், போய்விட்டார்கள். ஆடி பிறந்தால் ஐந்து கிணறுகளில் வாளி தரையில் முட்டுகிறது. மிளகாய்க் கன்றுகள் கண்முன்னே கருகுகின்றன.

இந்தப் பணத்துக்கு யார் கணக்காய்வு செய்கிறார்கள்? கையெழுத்து வைத்த எங்களுக்குக் கேட்கும் உரிமை உண்டா?

ஓய்வுபெற்ற கணக்காய்வு உத்தியோகத்தர், வவுனியா

உரிமை உண்டு, பிள்ளை. முதலில் பணம் வந்த வழியைப் பாருங்கள். அரசாங்கத்தின் ஊடாக வந்திருந்தால் அது அரச கணக்குகளைப் பார்க்கும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் கைக்குள் வரும். இலங்கை அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையும் 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டமும் அதற்கானவை. நிறுவனம் நேரடியாகக் கொண்டுவந்த பணம் என்றால், பெரும்பாலும் தனியார் கணக்காளர்களே பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டுச் சரியாக இருந்து கிணறு பிழையாக இருக்கலாம். என் வேலைக்காலத்தில் நான் அதிகம் மனம் நொந்தது அதற்காகத்தான்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிநாட்டு அரசோ சர்வதேச அமைப்போ கணிசமாக நிதி கொடுத்து, மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும், அந்தச் சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை, அதற்குள் அடங்கும். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன் பிறகு கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஊழல் நடந்ததா என்று கேட்காதீர்கள். அதற்கு எவரும் பதில் எழுத மாட்டார்கள். மூன்று தாள்களின் பிரதி கேளுங்கள்: வேலை மதிப்பீடு, அளவு குறித்த பதிவு, இறுதிக் கொடுப்பனவு. பாறை உடைக்கும் கூலி மண் வெட்டும் கூலியைவிடக் கூட. 25 அடிக்குப் பணம் எடுத்தார்களா, 17 அடிக்கு எடுத்து மிகுதியைத் திருப்பினார்களா என்பது அதில் தெரிந்துவிடும். அதற்கு முன் ஒருவரையும் கள்ளன் என்று சொல்லிவிடாதீர்கள்.

அக்கராயன் கமக்காரன்

இந்திய அரசு நிதி தந்த வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு 550,000 ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டத்தைப் பார்த்த பிறகே அடுத்த பணம் என் வங்கிக் கணக்குக்கு வந்தது. பணம் போதாமல் கடன் பட்டேன், அது வேறு கதை. ஆனால் எத்தனை சீமெந்துப் பை இறங்கியது என்று எனக்குத் தெரியும். எண்ணி இறக்கியவன் நான். உங்கள் கிணற்றுக்கு வந்த பணத்தை நீங்கள் கண்ணாலும் காணவில்லை, தங்கச்சி. வினையே அங்கேதான்.

முன்னாள் வெளிக்கள உத்தியோகத்தர்

தை மாதத்தில் ஏன் வருகிறார்கள் என்பதை நான் சொல்கிறேன். நான் வேலை செய்த திட்டம் மார்கழியோடு முடிந்தது. அறிக்கை பங்குனிக்குள் போக வேண்டும். ஆடியில் வந்து பார்க்க வாகனமும் இல்லை, எங்களுக்கு வேலையும் இல்லை. நிதி கொடுத்தவர்களுக்கு நேரடியாக எழுதுங்கள், அக்கா. ஆடி, ஆவணியில் வந்து அளக்கச் சொல்லுங்கள். திகதியிட்ட படங்களையும் அனுப்புங்கள்.

மாதர் சங்கச் செயலாளர்

எல்லோருக்கும் நன்றி. கயிற்றில் கல் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு நேற்று அளந்தோம். மூன்று கிணறுகள் 24 அடிக்கு மேல். அவற்றைச் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார்கள், அதையும் எழுதியிருக்கிறேன். மற்ற ஐந்தும் 16க்கும் 18க்கும் இடையில். ஒன்பதாவது வீட்டு அம்மா அளக்க விடவில்லை. அடுத்த உதவியில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். மூன்று பிள்ளைகளோடு இருப்பவரை நான் எப்படி வற்புறுத்துவது? தகவல் கேட்கும் கடிதத்தில் எட்டுக் கிணறுகள் என்றே எழுதினேன். திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, கிடைத்ததற்கான சீட்டும் வாங்கிவிடுவேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.