620 பெட்டிகளுக்குச் சாதாரண நாற்பதடி கண்டெய்னர் போதுமா, ஹை கியூப் வேண்டுமா?

நொய்யல்கரை (திருப்பூர்): தூத்துக்குடி வழியாக அனுப்பவுள்ள பனியன் சரக்கு மொத்தம் 620 அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றும் நீளம் 60, அகலம் 40, உயரம் 40 சென்டிமீட்டர். எடை 12 கிலோ. கணக்கிட்டால் 59.5 சிபிஎம் (கன மீட்டர்) வருகிறது. சாதாரண நாற்பதடி கண்டெய்னரின் கொள்ளளவு சுமார் 67 சிபிஎம் என்பதால் அதையே புக் செய்யலாமா, அதே நீளத்தில் உயரம் மட்டும் கூடிய ஹை கியூப் வேண்டுமா?

இருகூரான்: தாராளமாகச் செய்யுங்கள். எடை ஏழரை டன்னைத் தாண்டவில்லை, ஏழு சிபிஎம்முக்கு மேல் இடம் மிஞ்சுகிறது. ஹை கியூப் எதற்கு?

அமராவதி (கரூர்): இதை ஏற்க இயலவில்லை, ஐயா. சிபிஎம் கணக்கு தண்ணீருக்குப் பொருந்தும், பெட்டிக்குப் பொருந்தாது. சாதாரண நாற்பதடியின் உள்நீளம் 12.03 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39. ஒரு வரிசையைக் குறுக்காகவும் நான்கு வரிசைகளை நெடுக்காகவும் வைத்தால் ஓர் அடுக்குக்கு 110 பெட்டிகள் பிடிக்கும். ஆனால் ஆறு அடுக்குக்கு 2.40 மீட்டர் வேண்டும். ஒரு சென்டிமீட்டர் குறைவதால் ஐந்து அடுக்கோடு, அதாவது 550 பெட்டிகளோடு, நின்றுவிடும். ஹை கியூபின் உள்ளுயரம் 2.69 என்பதால் ஆறாவது அடுக்கு எளிதாக ஏறும்.

இருகூரான்: அப்படியானால் பெட்டியின் உயரத்தை 39 ஆக்கச் சொல்லுங்கள், ஆறு அடுக்கு 2.34 மீட்டரில் முடிந்துவிடும். கதவின் உயரம் 2.28தான் என்றாலும், 660க்கு இடமிருக்கும்போது கதவோரத்தில் ஆறாவது அடுக்கை விட்டுவிடலாமே?

அமராவதி (கரூர்): காகிதத்தில் சரிதான். பின்னலாடை திணித்து டேப் ஒட்டிய பெட்டி ஒரு சென்டிமீட்டராவது வயிறு தள்ளும்; 39 மறுபடியும் 40 ஆகிவிடும். நீளவாக்கிலும் இருபது பெட்டிக்கு மூன்று சென்டிமீட்டர்தான் மிச்சம் என்பதால் பத்தொன்பதே நிற்கும்; குறுக்கு வரிசையிலும் முப்பதுக்குப் பதில் இருபத்தொன்பதுதான். அந்த இழப்பையும் சேர்த்துப் பார்த்தாலும் ஹை கியூபில் அடுக்குக்கு 105 வீதம் 630 பிடிக்கிறது. பல கப்பல் நிறுவனங்கள் இரண்டுக்கும் ஒரே கட்டணம்தான் வாங்குகின்றன. பிறகு எதற்கு இந்த நெருக்கடி?

வார்ப்படம் (கோவை): எங்களைப் போல் இரும்பு வார்ப்பு ஏற்றுபவர்களுக்கு இருபதடிக்கு மேல் பேச்சே இல்லை, இடம் நிறையும் முன்பே எடை நிறைந்துவிடும். உங்கள் சரக்கு அப்படியல்ல என்பதால் என் ஓட்டு ஹை கியூபுக்கே. ஆனால் ஆர்டர் எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரை மட்டுமே விற்பவர் பொறுப்பு) என்றால் கடல் கட்டணம் வாங்குபவருடையது. அவர் நியமித்த ஃபார்வர்டரை, அதாவது சரக்கு அனுப்பும் முகவரை, கேட்காமல் நீங்களாகப் புக் செய்ய வேண்டாம்.

நொய்யல்கரை (திருப்பூர்): எஃப்ஓபிதான், அண்ணா. பெட்டி அளவும் வாங்குபவர் கொடுத்தது, மாற்ற இயலாது. நாளைக் காலை பேக்கிங் முடிந்த பெட்டிகளில் சிலவற்றை அளந்து, அந்த அளவோடு ஃபார்வர்டரிடம் ஹை கியூப் கேட்கிறேன்.

இருகூரான்: அளக்கும்போது ஆறு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அளந்து பாருங்கள்; அடிப்பெட்டிகள் எடையில் அமுங்கும் என்பதே என் வாதம். அளவு 2.35க்குள் வந்தால் இங்கே அவசியம் எழுதுங்கள்.