எல்லாம் நல்லம் சேர்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் பின்னேரத்தில வளந்த ஆக்களுக்கு கொம்பியூட்டரில கணக்கு வைக்கப் படிப்பிக்கிறன், கடை வச்சிருக்கிறவை, சங்கக்கடையில நிக்கிறவை, பிள்ளையள் ஏ.எல் முடிச்ச அம்மாமார் எண்டு வருவினம். கடைசி நாள் கருத்துப் படிவம் குடுக்கிறது. அஞ்சு பெட்டி, மிக நன்றில இருந்து மோசம் மட்டும். (எங்கட ஆக்களுக்கு ஒரு பெட்டியே காணும்.) எல்லாரும் முதல் பெட்டியில சரி போட்டு, கீழ "சேர் நல்லாப் படிப்பிச்சவர், நன்றி". மூண்டு பட்ச் அதை நம்பித் திரிஞ்சன்.

பேந்து சந்தையில பழைய அக்கா ஒராளைக் கண்டன். எக்செல்ல கணக்குப் போடுறியளோ எண்டு கேக்க சிரிக்கிறா. "எங்க தம்பி, நீங்கள் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிக்கச் சொல்லித் தந்தனியள், எனக்கு ஃபோனில அடிக்கிற தமிழ்தான் தெரியும், மூண்டாம் கிழமையோட ஒண்டும் விளங்கேல்ல, சும்மா வந்து இருந்தனான்." அப்ப ஏன் எழுதேல்ல? "செட்டிபிக்கற் கையில வரேல்லையே, என்ர கையெழுத்தும் உங்களுக்குத் தெரியும்தானே."

அடுத்த பட்சில நாலாம் கிழமையே கேட்டம். நான் வெளியில பிளேன்ரீ குடிக்க, ஒஃபிஸ் தங்கச்சி உள்ள போய் ரெண்டே கேள்வி: எந்த இடத்தில இறுகினது, வாற கிழமை எதை மாத்தினா உதவி. நாலு நாலு பேராக் கதைச்சு ஒராள் எழுதினது, அதால ஆர் என்ன சொன்னதெண்டு தெரியாது. புரொஜெக்டர் எழுத்து தெரியேல்ல, பருத்தித்துறை பஸ் விட்டுப்போகுது, பாமினி வேண்டாம். கடைசியா ஒண்டு, "ரெண்டாந்தரம் கேட்டா சேருக்கு முகம் மாறுது." அண்டைக்கு நித்திரை வரேல்ல, உண்மையாச் சொல்றன்.

அடுத்த வகுப்பில முதல் வேலையா எல்லாத்தையும் வாசிச்சு, எழுத்தைப் பெருப்பிச்சு, ஃபோனில வாற யூனிகோட் தமிழுக்கு மாறினன். நேரம் மட்டும் மாத்தேலாது, முன்னுக்கு வேற வகுப்பு நடக்குது, அதையும் மறைக்காமச் சொன்னன். பிறகு ஆக்கள் தாங்களாவே வாய் திறந்தினம்.

—

இதுக்குக் கீழ ஒராள் எழுதினது: அண்ணை, நான் தையல் படிச்சனான். எங்களுக்கு வட்ஸ்அப்பில கூகிள் ஃபோம் அனுப்பினவை, பேர் போடத் தேவையில்ல எண்டு சொல்லிப்போட்டு. உள்ள போனா முதல் கேள்வியே அடையாள அட்டை நம்பர். ஆறு பேருக்கு ஒரு ஓவர்லொக் மெசின்தான் எண்டு எழுதினனான், அனுப்ப முதல் அழிச்சுப்போட்டு "எல்லாம் நல்லம்" எண்டு போட்டன்.